முகமூடிக்குப் பின்னால் ஒரு பேனா

தம்பலகாமத்து வயல்களில் பெரும்போக அறுவடை முடிந்திருந்த பங்குனி மாதத்துப் பிற்பகல். மாணவரின் உடல் வகுப்பறைக்குள் இருந்தாலும் உள்ளம் வெளியே உலவும் நேரம் அது. கடைசி வாங்கில் இருந்த ஒருவன் இலக்கண நூலுக்குள் வேறொரு நூலை மறைத்துவைத்து, தன்னை மறந்து வாசித்துக்கொண்டிருந்தான். ஆசிரியத் தொழிலில் இஃது அன்றாடக் காட்சி. நாம் அருகிற் சென்றதும் அவன் திடுக்கிட்டு எழுந்தான். நூல் நம் கைக்கு வந்தது. பழுப்பேறிய தாள்கள், வெள்ளை நூலால் தைத்த முதுகு, பாதி கிழிந்த அட்டை. தந்தையார் சிறுவயதிற் சேர்த்துவைத்த பெட்டியிலிருந்து அவன் எடுத்துவந்த இரும்புக்கை மாயாவி கதை அது.

கண்டிக்க வாயெடுத்த நாம் வேறொன்றைக் கேட்டுவிட்டோம்.

"இதை எழுதினவர் ஆர்?"

"மாயாவிதான், சேர்."

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு நூலைத் திருப்பிக் கொடுத்தோம். ஆயினும் அவ்விடை அன்று மாலை முழுவதும் நம்மை விட்டு அகலவில்லை. அவனுடைய வயதில் எவரேனும் நம்மிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், நாமும் வேறு விடை கூறியிருக்க மாட்டோம். மாயாவியை அறிவோம், வேதாளரை அறிவோம், ஸ்பைடரை அறிவோம். அவர்களை ஓடவும் பறக்கவும் செய்த மனிதர் எவர் என்பதை மட்டும் அறியாமலே வளர்ந்துவிட்டோம். அந்தப் பழங்கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதலானோம்.

கடல் கடந்து வந்த கதைகள்

1972 ஆம் ஆண்டு ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை இதழ் வெளிவரலாயிற்று. வெளியிட்டவர் எம். சௌந்தரபாண்டியன்; தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். முதலாவது இதழே 'இரும்புக்கை மாயாவி'. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1984 இல், சௌந்தரபாண்டியனின் மைந்தர் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் பிறந்தது. பம்பாயிலிருந்து 1964 முதல் வெளிவந்துகொண்டிருந்த இந்திரஜால் காமிக்ஸும் தமிழிற் கிடைத்தது.

இலங்கையில் வாழ்ந்த தமிழ்ச் சிறாருக்கு இவை எளிதிற் கிட்டவில்லை. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் நிலைமை சற்று மாறியது. தலைமன்னார்க் கப்பலில் இந்தியா சென்று மீண்டவர்களின் பெட்டிகளுக்குள் புடைவைகளுக்கிடையே இரண்டு மூன்று இதழ்கள் வந்து சேரும். பின்னர் யுத்தம் வந்தது. அந்தக் கப்பலும் நின்றது.

நாம் வாசித்த காலம் அதற்குப் பிந்தியது. ஊரடங்கு இரவுகளிலே குப்பிவிளக்கின் அடியில், பத்துக் கைகள் மாறி வந்த ஒரு நூலை அடுத்த வீட்டுப் பிள்ளை காலையில் கேட்டு வருவதற்கிடையில் முடித்தாக வேண்டும். புதிய நூலுக்கு வழியில்லாதபோது பழையதையே மனப்பாடமாகும்வரை வாசித்தோம். கை மாறக் கை மாற முதலில் அட்டை போகும். பிறகு முதற்பக்கம் போகும். கதாநாயகன் மட்டும் எஞ்சி நிற்பான். எழுதியவர் பெயர் எங்கேனும் அச்சிடப்பட்டிருந்தாலும் அது நம் கண்ணில் பட்டிருக்குமோ என்பது ஐயமே.

உண்மையில் அது மூல இதழ்களிலேயே அச்சிடப்படவில்லை என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது வியப்படைந்தோம். அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்களிலே எழுத்தாளரின் பெயரையோ ஓவியரின் பெயரையோ போடும் வழக்கம் இருக்கவில்லை. 1977 இல் தொடங்கிய '2000 ஏ.டி.' என்னும் இதழே அவ்வழக்கத்தை மாற்றிப் பெயர்களை முறையாக அச்சிட்டது.

குறையே கதையின் நிறை

மாயாவியின் கதை 1962 அக்டோபரில் இலண்டனிலிருந்து வெளிவந்த 'வேலியண்ட்' இதழில் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் பல்மர். பின்னர் நெடுங்காலம் எழுதியவர் டொம் டல்லி. ஒளியும் நிழலும் கலந்த அந்த மறக்கவியலாத சித்திரங்களைத் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

பல்மர் விஞ்ஞானப் புனைகதை எழுதியவர். அவரது மிகப் பெரிய நாவல் வரிசை ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களைக் கொண்டது. அதனையும் அவர் தம் பெயரில் எழுதவில்லை. ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் என்னும் புனைபெயரில் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் படைத்தவர் தாமும் கண்ணுக்குத் தெரியாமலே வாழ்ந்தார் எனலாம்.

ஆய்வுகூட உதவியாளனான லூயி கிராண்டேல் ஒரு கையை இழந்து, உருக்கினாலான செயற்கைக் கை பூண்டவன். ஆய்வுகூட விபத்தொன்றில் மின்சாரம் பாய்ந்தபோது அவனது உடல் மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மட்டும் வெளியே தெரிகிறது. இங்கேதான் பல்மரின் திறமையைக் காண்கிறோம். முழுவதும் மறைந்துவிடும் ஒருவனுக்கு எவரும் நிகரில்லை. ஆகவே அவனைப் பற்றிச் சொல்வதற்குக் கதையும் இல்லை. கை தெரியவேண்டும், மின்சாரத்தின் வலு சிறிது நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும், அடுத்த மின்சாரத்தைத் தேடி அவன் அலைய வேண்டும். நாயகனின் குறையே கதையின் நிறை என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் வேறில்லை.

தொடக்கத்தில் கிராண்டேல் நல்லவனும் அல்லன். கிடைத்த ஆற்றலால் மதி மயங்கி உலகையே அச்சுறுத்துகிறான். பின்னரே தெளிந்து, டல்லியின் பேனாவில் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் வீரனாகிறான். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நாயகரைப் போல அவனுக்கும் ஒரு விசேட உடை அணிவித்துப் பார்த்தனர். அது பொருந்தாதபடியாற் கைவிட்டனர். தமிழில் வந்த 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' ஆகியவற்றை வாசித்தவர்கள் இன்றும் அவற்றை மறந்திருக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பெயர் சூட்டியவரின் நுண்மையையும் இங்கே போற்றியாக வேண்டும். ஆங்கிலத்தில் இக்கதையின் பெயர் வெறும் உருக்கு நகம் என்ற பொருளையே தரும். அதனை 'இரும்புக்கை மாயாவி' ஆக்கியவர் பழைய சொல்லொன்றுக்குப் புத்துயிர் கொடுத்தார். இராமாயணத்தில் வாலியுடன் பொருது குகைக்குள் ஓடி மறையும் அசுரனின் பெயர் மாயாவி. தீமையில் தொடங்கும் ஒருவனுக்கு அசுரனின் பெயர் எத்துணைப் பொருத்தம்!

ஏட்டில் எழுதிவைக்கும் வேதாளர்

பெயர் மறைந்த இவர்களுக்கு நேர்மாறானவர் லீ ஃபால்க். அமெரிக்க நாளிதழ்ச் சித்திரத் தொடர்களில் படைத்தவர் பெயரைப் போடும் வழக்கம் இருந்தமையால் அவரை உலகம் அறிந்திருந்தது. 1911 இல் செயின்ட் லூயி நகரிற் பிறந்த இவர், 1934 ஜூனில் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் 1936 பெப்ரவரியில் முகமூடி வேதாளரையும் படைத்தார். 1999 இல் இறக்கும்வரை இவ்விரு தொடர்களையும் விடாது எழுதினார். ஓவியர்கள் மாறினர், பத்திரிகைகள் மாறின. எழுதிய கை மாறவில்லை. அறுபதாண்டுக்கு மேல் ஒரே பாத்திரத்தோடு வாழ்ந்த எழுத்தாளர் உலகில் எத்தனை பேர்?

வேதாளரைத் தமிழில் ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்றே அழைத்தது. ஆகவே நம் இளமையில் இரண்டு மாயாவிகள் இருந்தனர். எந்த மாயாவி பெரியவன் என்று மதகிலே குந்தியிருந்து வழக்காடிய மாலைப்பொழுதுகள் பல. நாம் வேதாளர் கட்சி. அவருக்கு மந்திரமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. தந்தை இறந்தால் மகன் அதே முகமூடியை அணிவான். கண்டவர்களோ சாகாவரம் பெற்ற ஒருவரே நானூறு ஆண்டுகளாக வாழ்வதாக நம்புவர். மண்டையோட்டுக் குகையிலே ஒவ்வொரு வேதாளரும் தம் வாழ்க்கையைத் தாமே ஏட்டில் எழுதிவைப்பர். சண்டையிடவும் தெரிந்து எழுதவும் தெரிந்த நாயகன் ஒருவன் எமக்குக் கிடைத்தமை பெரும் பேறு.

ஃபால்க்கின் பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. வேதாளரின் காதலி டயானா 1936 இல் முதற்கதையிலேயே தோன்றினாள். அவர்கள் திருமணம் நடந்ததோ 1977 இல். நாற்பத்தோராண்டு காத்திருந்த மணமகளைக் காவியங்களிலும் காண்பது அரிது!

ஆயினும் நெருடல் ஒன்றும் உண்டு. வெள்ளையர் ஒருவர் காட்டுவாசிகளுக்கு நீதி வழங்கும் அரசராக வீற்றிருக்கும் காட்சி, குடியேற்ற ஆட்சியை அனுபவித்த நாட்டினரான நமக்கு எளிதிற் செரிக்கத்தக்கதன்று. மாண்ட்ரேக்கின் தோழன் லொதாரும் தொடக்கத்தில் சிறுத்தைத்தோல் உடுத்துக் கொச்சை மொழி பேசும் ஏவலாளனாகவே வந்தான். ஆனால் ஃபால்க் அங்கேயே நின்றுவிடவில்லை. 1960களில் வேதாளரின் நாட்டுக்கு லமாண்டா லுவாகா என்னும் ஆபிரிக்கரைக் குடியரசுத் தலைவராக்கினார். லொதாரும் நல்ல உடையும் நல்ல மொழியும் பெற்று நண்பனாக உயர்ந்தான். காலம் திருத்தியபோது தம் கதையைத் தாமே திருத்திக்கொண்ட எழுத்தாளர் என்பதனாலேயே ஃபால்க்கின் அப்பிற்காலக் கதைகளை நாம் மேலானவையாகக் கொள்கிறோம்.

நூற்று முப்பது டொலர்

இனி, நம் கட்டுரையின் நெஞ்சாகிய மனிதருக்கு வருகிறோம்.

சிவகாசி லயனின் புகழுக்குக் காரணமான நாயகர்களுள் ஒருவன் ஸ்பைடர். 'எத்தனுக்கு எத்தன்', 'நீதிக் காவலன் ஸ்பைடர்' முதலிய கதைகளை நேயர்கள் நினைவுகூர்வர். கூரிய காதும் கறுப்பு உடையும் பூண்டு, ஹெலிகாரில் பறந்து, வலைத்துப்பாக்கியால் எதிரிகளைக் கட்டிப்போடும் அவனும் குற்றவாளிகளின் மன்னனாகத் தொடங்கி நீதிக்காவலனாக மாறியவனே. 1965 இல் இலண்டன் 'லயன்' இதழில் அவனைப் படைத்தவர் டெட் கோவன். நம் சிறார் விரும்பிய இரும்பு மனிதன் ஆர்ச்சியை 1952 இல் படைத்தவரும் அவரே. 1966 இல் ஸ்பைடரின் பேனா அமெரிக்கர் ஒருவரின் கைக்கு மாறியது. இதழில் அவர் பெயர் இல்லை. அவர்தாம் ஜெரி சீகல். உலகின் முதற் பெரும் அதிமானுட நாயகனாகிய சூப்பர்மேனைப் படைத்தவர்!

சீகல் 1914 இல் கிளீவ்லாந்து நகரிற் பிறந்தவர். அவர் தந்தையார் சிறு துணிக்கடைக்காரர். 1932 இல் கடையிற் கொள்ளை நிகழ்ந்தபோது மாரடைப்பால் அங்கேயே உயிர் துறந்தார். குண்டும் துளைக்காத ஒருவனை அந்த இளைஞர் கற்பனை செய்தமைக்கு இத்துயரும் காரணம் எனக் கருதுவோர் உண்டு. நண்பர் ஜோ ஷஸ்டர் படம் வரைய, சீகல் எழுதிய சூப்பர்மேன் கதை 1938 இல் வெளிவந்தது. பதின்மூன்று பக்கம், பக்கமொன்றுக்குப் பத்து டொலர். மொத்தம் 130 டொலர். அத்தொகையோடு அந்நாயகன் மீதான உரிமை முழுவதையும் இருவரும் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டனர்.

சூப்பர்மேன் உலகெங்கும் பறந்தான். படைத்தவர்கள் 1947 இல் நீதிமன்றம் ஏறினர். மறு ஆண்டிலே ஒரு தொகையுடன் வழக்கு முடிந்தது. அத்துடன் அவர்களின் பெயரும் சூப்பர்மேன் பக்கங்களிலிருந்து நீக்கப்பட்டது. 1959 இல் சீகல் மீண்டும் சூப்பர்மேன் கதை எழுத வந்தார். தாமே பெற்ற பிள்ளையின் வீட்டில் பெயரில்லாக் கூலியாளாக.

வியப்பு யாதெனில், அவரது எழுத்தில் மிகச் சிறந்தது அந்தப் பெயரில்லாக் காலத்திலேயே பிறந்தது. 1960 இல் அவர் எழுதிய கதையொன்றில் சூப்பர்மேன் தான் பிறந்த கிரிப்டன் உலகுக்கு, அது அழிவதற்கு முற்பட்ட காலத்தில், மீளுகிறான். தாயையும் தந்தையையும் காண்கிறான். தான் அவர்களின் மகன் என்று சொல்ல முடியவில்லை. அங்கே ஒரு பெண்ணை நேசிக்கிறான். அவ்வுலகம் அழியப்போவதை அறிவான். தடுக்கும் வலிமை அங்கே அவனுக்கு இல்லை. ஊரை விட்டுப் பெயர்ந்தும், மீண்டபோது பழைய ஊரைக் காணாமலும் நின்றவர்கள் நிறைந்த இப்பிரதேசத்தில் இக்கதையை விளக்கிக் கூறவும் வேண்டுமோ? மறு ஆண்டில் அவர் எழுதிய இன்னொரு கற்பனைக் கதையில் சூப்பர்மேன் இறக்கிறான். கொல்பவன், திருந்திவிட்டதாக நடித்து, புற்றுநோய்க்கு மருந்து கண்டு உலகின் நன்றியைப் பெற்ற பகைவன் லெக்ஸ் லூதர். ஆயிரம் குண்டுகளால் வீழாதவன், நம்பிக்கை வைத்தமையால் வீழ்கிறான். அதிமானுட நாயகர் கதைகளுள் நாம் தலைசிறந்ததாகக் கொள்வது சீகலின் இக்காலத்துக் கதை வரிசையையே.

1970களில் சீகல் கலிபோர்னியாவில் சாதாரண இலிகிதராக வேலை பார்த்தார். ஷஸ்டருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. கோடிக்கணக்கிற் செலவிட்டுச் சூப்பர்மேன் திரைப்படம் தயாராகும் செய்தி வந்தபோது சீகல் தம் நிலையைப் பகிரங்கப்படுத்தினார். சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் துணை நின்றனர். 1975 இல் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவிப்பணமும், படைத்தவர் என்ற பெயரும் மீளக் கிடைத்தன. 1978 இல் வெளிவந்த அத்திரைப்படத்தில் அவர்தம் பெயர்கள் ஒளிர்ந்தன. ஷஸ்டர் 1992 இலும் சீகல் 1996 இலும் மறைந்தனர். அந்த 130 டொலர் அடங்கிய பழைய காசோலை 2012 இல் ஏலத்தில் 160,000 டொலருக்கு விலைபோயிற்று. உரிமையை இழந்தவனுக்குக் கிடைக்காத விலை, இழப்புக்குச் சாட்சியான காகிதத்துக்குக் கிடைத்தது!

இது தனியொருவரின் கதையன்று. 1939 இல் பிறந்த பேட்மேனை உருவாக்குவதிலே பெரும்பங்கு கொண்ட எழுத்தாளர் பில் ஃபிங்கர் 1974 இற் காலமானார். படைத்தவர் வரிசையில் அவர் பெயர் முறைப்படி சேர்ந்தது 2015 இல்தான். வாழ்ந்தபோது அவரது படைப்புக்கு வாய்த்த முகமூடி, அவருக்கும் வாய்த்துவிட்டது.

பெயர் கேட்கும் பிள்ளைகள்

தமிழிலோ, பிள்ளைகள் பெயரறிந்து நேசித்த ஒருவர் இருந்தார். 1925 இல் புதுக்கோட்டைப் பகுதி அரிமளத்திற் பிறந்து 2014 இல் மறைந்த வி. கிருஷ்ணமூர்த்தி என்றால் பலருக்குத் தெரியாது. வாண்டுமாமா என்றால் தெரியாதவர் இல்லை. கோகுலம், பூந்தளிர் ஆகிய இதழ்களுக்கு அவர் உயிரூட்டினார். ஓவியர் செல்லத்துடன் இணைந்து 'பலே பாலு' போன்ற சித்திரக்கதைகளைத் தந்தார். பெரியோருக்குக் கௌசிகன் என்ற பெயரில் எழுதியவர், சிறாருக்கு மாமாவாகவே வந்தார். அவரை வாசித்த பிள்ளைக்குக் கதை வானத்திலிருந்து விழுவதன்று, ஒரு மனிதர் அமர்ந்து எழுதுவது என்ற உண்மை தெரிந்திருந்தது.

இவ்வுண்மை சிறியதன்று. "படிக்கிற பிள்ளை படக்கதை பார்க்குமோ?" என்று நம் வீடுகளில் இன்றும் கேட்பதுண்டு. 1954 இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்த்தம், சித்திரக்கதைகள் சிறாரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூலே எழுதினார். அவ்வாண்டிலேயே அங்கு பதிப்பாளர்கள் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். நாம் அறிந்ததோ வேறு. நூலகமும் பத்திரிகையும் எட்டாத காலத்தில் நம் தலைமுறையின் பலருக்குத் தமிழைச் சரளமாக வாசிக்கப் பழக்கியவை இந்தக் கிழிந்த நூல்களே. பிள்ளை எதை வாசிக்கிறான் என்று அஞ்சுவதைவிட, அதை எழுதியவர் யார் என்று அவனைத் தேடச் செய்வது மேல். எழுதியவரைத் தேடும் பிள்ளை ஒருநாள் தானும் எழுதத் துணிவான்.

மறுவாரம் அந்த மாணவனை அழைத்து, கென் பல்மர், டொம் டல்லி, ஹெசூஸ் பிளாஸ்கோ ஆகிய பெயர்களைச் சொன்னோம். அவன் அவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, சோற்றுப் பசையால் நூலின் உட்புறத்தில் ஒட்டினான். பிறகு சற்றுத் தயங்கி நின்றான்.

"சேர், தமிழில எழுதினவர் ஆர்?"

நூலை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அந்தப் பிரதியில் மொழிபெயர்த்தவரின் பெயர் எங்கும் இல்லை. குப்பிவிளக்கின் அடியில் நம் காதுக்குள் பேசிய தமிழ் அவருடையது. மாயாவியின் அச்சமும் சிரிப்பும் அவர் தேர்ந்தெடுத்த சொற்கள். இருந்தும், கேள்வி கேட்கும்வரை நமக்கே அவரைப் பற்றிய நினைவு எழவில்லை.

"அந்த இடத்தை வெறுமையாக விட்டுவை" என்றோம்.

அவன் துண்டுத் தாளின் அடியில் 'தமிழில்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவைத்தான். வாசக நேயர்களின் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய பழைய நூல்கள் உறங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். எங்கேனும் ஒரு மூலையில் ஒரு பெயர் தென்பட்டால், அதைப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.